கதவுக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு சாண்: ஆட்டோ கன்சல்டிங் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய கார் வாங்கி விற்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக 21 வருஷம் ஓடிவிட்டது. அடிபட்ட வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்ததும் கேமராவும் கிளிப் அட்டையுமாக அதைச் சுற்றிச் சுற்றி வருவாரே, அந்த ஆள்தான். உங்கள் யார்டுகளில் எத்தனையோ டீ குடித்திருக்கிறேன். பக்கவாட்டில் அடிபட்டால் வண்டி உள்ளே இருப்பவரைக் காக்குமா என்று நேரில் பேசினால் "அதெல்லாம் யாரு சார் பாக்கறாங்க" என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் என் அக்கா மகள் ஒரு கார் பார்த்து வைத்திருந்தாள். 2018 மாடல் ஹேட்ச்பேக், 46,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர், 'நான்-ஆக்சிடென்ட்', அதாவது அடிபடாத வண்டி. இருபதாயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள். "மாமா, ஒரே ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க, கலர் மட்டும் மாத்தச் சொல்லாதீங்க" என்றாள். போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். கேட்பதற்கு முன்பே பானெட்டைத் திறந்தார். ஏப்ரன் என்கிற உள்தகடு, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், பானெட் போல்ட் எல்லாம் கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தன, ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை. டிரைவர் கதவைச் சாத்திக் காட்டினார். 'தொப்' என்று சத்தம். "கேளுங்க சார் சத்தத்த, தகரமா இது?" என்றார். பார்க்க வருகிறவர்களுக்கு இதோடு பரீட்சை முடிந்துவிடும். முன்பக்கம் அடிபடவில்லை, கதவு கெட்டி, வாங்கிவிடலாம்.

நான் இடது பக்கக் கதவைத் திறந்து, பி பில்லர் ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கையால் பிடித்து இழுத்தேன். பி பில்லர் தெரியும்தானே, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண். அதன் விளிம்பில் சப்பாத்தி மாவில் விரல் நுனியை அமுக்கினாற்போல வட்டக் குழிகள் சீரான இடைவெளியில் வரிசையாக இறங்கின. கம்பெனியில் ரோபோ போட்ட ஸ்பாட் வெல்டிங். வலது பக்கம் வந்து அதே பீடிங்கை இழுத்தேன். மேலே நாலைந்து குழி இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, பேஸ்ட் தடவி வழித்த மேடு. நகத்தால் கீறினால் பட்டி உதிர்ந்தது. உள்ளே கிரைண்டர் ஓடிய கோடு. தூணைப் பாதியில் வெட்டி வேறொரு வண்டியின் தூணை ஒட்டியிருந்தார்கள்.

பின்னால் போய் நின்றபோது கண்ணாடியில் வெயில் சாய்வாக விழுந்தது. சுரண்டி எடுத்த ஸ்டிக்கரின் தடம் மங்கலாகத் தெரிந்தது: 'அங்காளம்மன் துணை'. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வீட்டுக்கு வந்து பழைய லேப்டாப்பைத் திறந்து சேஸிஸ் நம்பரை ஒப்பிட்டேன். நானே 2022-இல் சர்வே செய்த வண்டி. நான்குவழிச் சாலையில், சென்டர் மீடியன் திறப்பில் திரும்பும்போது லோடு ஏற்றிய மினி லாரி வலது பக்கம் மோதியது. தூண் உள்ளே வந்து டிரைவர் சீட் ஹேண்ட்பிரேக் மேல் சாய்ந்திருந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓட்டியவர் பெல்ட் போட்டிருந்தார். உயிர் தப்பினார், இடுப்பெலும்பும் மூன்று விலா எலும்பும் போயின. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டியதால் டோட்டல் லாஸ், சரிசெய்து கட்டுப்படியாகாத வண்டி என்று எழுதிக் கொடுத்தது நான்தான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பழைய ஓனர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு ஆர்.சி.யோடு கொடுத்துவிடுவார். அடிபட்ட வண்டிகளை விற்கும் சால்வேஜ் ஏலத்தில் ஒருவர் எடுப்பார், பட்டறையில் மூன்று மாதம் நிற்கும், பெயின்ட் ஏறும், புரோக்கர் கைக்குப் போகும். கடைசியில் வாங்குகிறவர் பெயருக்குத்தான் ஆர்.சி. மாறும். ஆகவே 'சிங்கிள் ஓனர்' என்று சொன்னதில் பொய்யே இல்லை. வண்டிப் பதிவுக்கான அரசின் வாகன் இணையதளத்தில் பொதுமக்கள் தட்டிப் பார்த்தால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் உண்டா என்பது வரும். டோட்டல் லாஸ் ஆன கதை வராது. கடைக்காரர் தனக்குத் தெரியாது என்றார். நம்புகிறேன். அட்வான்ஸையும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார். அக்கா மகள் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அந்தக் கலர் அப்படி.

சரி, தூணை வெட்டி ஒட்டினால் என்ன, நன்றாக வெல்டிங் வைத்தால் நிற்காதா என்று கேட்பீர்கள். பட்டறைக்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

நேருக்கு நேர் மோதினால் மோதலுக்கும் நமக்கும் நடுவில் பம்பர், ரேடியேட்டர், எஞ்சின், டேஷ்போர்டு என்று இரண்டு முழம் தகடு இருக்கிறது. அது நசுங்கி நசுங்கி வேகத்தைத் தின்னும். பக்கவாட்டில் கதவுக்கும் நம் விலாவுக்கும் நடுவே ஒரு சாண்தான். நசுங்க இடமே கிடையாது. அதனால் பக்கவாட்டில் வண்டி நசுங்காமல் நிற்க வேண்டும். கதவின் உள்ளே குறுக்காக ஓடும் குழாய், நடுத்தூண், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பேனல், சீட்டுக்கு அடியில் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம், மேலே கூரை ஓரத்துச் சட்டம். அடியை இவை ஐந்தும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தூண் வளைந்தாலும் கீழ்ப்பாதி வளையட்டும், நெஞ்சும் தலையும் இருக்கும் மேல்பாதி நிற்கட்டும் என்று கணக்குப் போட்டு வடிவமைக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் தகட்டின் கனமும் உறுதியும் வேறு வேறு.

இப்போதைய பல வண்டிகளில் நடுத்தூணுக்குள் இருப்பது போரான் கலந்த எஃகு. செக்கச்செவேலென்று காய்ச்சி, அச்சில் அமுக்கி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைப்பார்கள். அந்தக் குளிர்ச்சியில்தான் அதற்கு உறுதி வருகிறது. பட்டறையில் கேஸ் டார்ச்சைக் காட்டி நிமிர்த்தினால் அந்த உறுதி போய்விடும். பார்க்க அதே தூண், பெயின்ட் போட்டால் அதே பளபளப்பு. அடுத்த மோதலில் டார்ச் பட்ட இடத்தில் மடங்கும். வளைந்தால் நிமிர்த்தாதே, சொன்ன இடத்தில், சொன்ன முறையில் வெட்டிப் புதுசு போடு என்று கார் கம்பெனிகளின் ரிப்பேர் கையேடுகளே சொல்கின்றன. நம்மூரில் டிங்கரிங் கைவண்ணத்துக்குக் குறைவில்லை, அப்பளமாக நொறுங்கிய ஃபெண்டரைப் புதுசாக்குகிற கைகள் உண்டு. ஆனால் சுத்தியலும் டார்ச்சும் வைத்துச் செய்கிற வேலை இது இல்லை.

அந்தத் 'தொப்' சத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமே கிடையாது. பீடிங் ரப்பரும், கதவுத் தகட்டின் உள்பக்கம் ஒட்டிய தார் ஷீட்டும், பூட்டின் அமைப்பும் சேர்ந்து தருகிற சத்தம் அது. வெளித்தகட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதும் அப்படித்தான். வெளித்தகடு அழகுக்கு, உயிர் காப்பது உள்ளே இருக்கிறது. இருநூறு ரூபாய் ஷீட் ஒட்டி எந்தக் கதவையும் 'தொப்' என்று சாத்த வைக்கலாம். உங்களில் சிலர் ஒட்டுவதும் எனக்குத் தெரியும்.

இனி அடிபடாத வண்டிக்கு வருகிறேன். அங்கேயும் வாங்குகிறவரிடம் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

நம் நாட்டில் பக்கவாட்டு மோதல் சோதனை சட்டமாக வந்தது வெகு தாமதம். ஏ.ஐ.எஸ். 099 என்ற விதி புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு 2017 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 அக்டோபர் 1 முதலும் கட்டாயமானது. மாருதி ஓம்னி அந்த 2019-இல்தான் விடைபெற்றது. ஆக, 2015, 16-இல் தயாரான ஒரு பழைய மாடல், சட்டப்படி எந்தப் பக்கவாட்டுச் சோதனையும் பாஸ் பண்ணாமலே ரோட்டுக்கு வந்திருக்கலாம். சில கம்பெனிகள் வெளிநாட்டுக்கும் அனுப்புவதற்காக முன்பே தரமாகச் செய்திருக்கும், எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் யார்டில் 2016 மாடலும் 2020 மாடலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, விலை வித்தியாசம் ஏன் என்று பார்ட்டி கேட்டால், "நாலு வருஷம் புதுசு சார், டச் ஸ்கிரீன் பெருசு" என்கிறீர்கள். இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பாஸ் ஆனாலும் அந்தச் சோதனை எவ்வளவு சிறியது என்பது தெரிந்திருக்க வேண்டும். முகப்பில் நசுங்கும் பாளம் பொருத்திய 950 கிலோ தள்ளுவண்டியை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் மோதவிடுவார்கள். அடிபடும் பக்கத்து முன் சீட்டில் ஒரே ஒரு பொம்மை. நம் ஊர் மீடியன் திறப்பில் குறுக்கே வருவது 950 கிலோவா? இனோவா கிரிஸ்டாவே கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் ஐ.ஐ.எச்.எஸ். 2003-இல் இந்தச் சோதனையைத் தொடங்கியபோதே 1,500 கிலோ வைத்திருந்தார்கள். சாலையில் எஸ்.யு.வி.கள் பெருத்துவிட்டன என்று 2021-இல் அதை 1,900 கிலோவாகவும், வேகத்தை 50-இலிருந்து 60 ஆகவும் ஏற்றினார்கள். இந்தச் சோதனையால் என்ன பயன் என்று அவர்கள் 2011-இல் கணக்கெடுத்தார்கள். ஓட்டுநர் பக்கம் அடிபடும் விபத்துகளில், 'நன்று' வாங்கிய காரின் ஓட்டுநர் சாகும் வாய்ப்பு, 'மோசம்' வாங்கிய காரின் ஓட்டுநரைவிட 70 சதவீதம் குறைவு. வேறெந்த ஆக்சஸரீஸ் போட்டாலும் இப்படி ஒரு எண் கிடைக்காது.

அப்புறம் மோதல் சோதனையில் வண்டிக்குக் கொடுக்கும் இந்த ஸ்டார். "ஃபோர் ஸ்டார் வண்டி சார்" என்று கண்ணாடியில் எழுதி வைக்கிறீர்கள். எந்த வருஷத்து ஸ்டார் என்று பாருங்கள். கார்களை மோதவிட்டு ஸ்டார் கொடுக்கும் வெளிநாட்டு அமைப்பான குளோபல் என்.சி.ஏ.பி. 2014-இல் நம் கார்களை மோதவிடத் தொடங்கியதிலிருந்து 2022 பாதி வரை, பெரியவர்களுக்கான ஸ்டார் முன்பக்க மோதலை வைத்துத்தான். ஐந்து ஸ்டாருக்குப் போகிற வண்டி மட்டும் பக்கவாட்டுச் சோதனையையும் தாண்ட வேண்டும் என்று இருந்தது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் அப்படித்தான் ஐந்து வாங்கியது. அந்தக் காலத்து நான்கு ஸ்டார், பக்கவாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய நம் நாட்டு ஸ்டார் திட்டமான பாரத் என்.சி.ஏ.பி.யில் முன்மோதல், பக்கமோதல் இரண்டும் உண்டு. மூன்று ஸ்டாரும் அதற்கு மேலும் வேண்டுமானால், வண்டியைப் பக்கவாட்டாக 29 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கம்பத்தில் கொண்டுபோய் மோதும் சோதனையும் உண்டு. கம்பத்தின் குறுக்களவு 25 சென்டிமீட்டர்தான். நான் அதைப் புளியமரச் சோதனை என்று சொல்வேன். மழையில் வழுக்கி, வண்டி திரும்பி, கதவு போய்ப் புளியமரத்தைக் கட்டிக்கொள்கிற விபத்துகளை எத்தனை பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி அடியில் மரம் நேராகத் தலைக்குத்தான் வரும். அங்கே தகடு கிடையாது, கண்ணாடிதான். கூரை ஓரத்திலிருந்து திரைபோல இறங்கும் கர்ட்டன் ஏர்பேக் ஒன்றுதான் குறுக்கே நிற்கும்.

அந்தத் திரை உங்கள் யார்டில் எத்தனை வண்டியில் இருக்கிறது? டிரைவர் ஏர்பேக்கே 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. பக்கத்து சீட்டுக்கு, பழைய மாடல்களில், 2021 கடைசியில். ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022 ஜனவரியில் வரைவு வந்தது, ஒரு வருஷம் தள்ளிப்போனது, 2023-இல் கட்டாயம் வேண்டாம் என்றே முடிந்தது. ஆகவே ஐந்தாறு வருஷத்து வண்டிகளில் பக்க ஏர்பேக், திரை எல்லாம் பெரும்பாலும் மேல் வேரியன்ட்களில்தான். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வேரியன்ட்களில் ஆறு, கீழே இரண்டுக்கு மேல் இல்லை. கம்பெனி கடையைக் கட்டிவிட்டது என்று இரண்டுக்கும் விலை இறங்கியிருக்கிறது. உங்கள் போர்டில் இரண்டுக்கும் ஒரே வரிதான்: 'ஈகோஸ்போர்ட், டீசல், நல்ல கண்டிஷன்'. கொஞ்சம் கூடுதல் விலைக்கு நான்கு ஏர்பேக் அதிகமாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த மேல் வேரியன்ட்டை எடுக்கமாட்டார்களா? எனக்கென்னவோ உங்களுக்கே அதில் இரண்டு காசு அதிகம் கிடைக்கும் என்றுதான் தோன்றுகிறது.

இருக்கிற ஏர்பேக்கையும் நாமே கெடுக்கிறோம், அதுதான் எனக்கு ஆத்திரம். பக்க ஏர்பேக் சீட்டின் முதுகில், கதவோரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே சின்னத் துணிப்பட்டையில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும். மோதலைப் புரிந்துகொண்டு வெடிக்கலாமா என்று முடிவெடுக்க அதற்குக் கிடைப்பது சுமார் 10 மில்லி செகண்ட். கண் ஒருமுறை இமைக்கவே 100-க்கு மேல் ஆகும். அந்த அவசரத்தில் தையலைப் பிய்த்துக்கொண்டு அது வெளியே வர வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? வண்டி வந்ததும் முதல் வேலையாக, பார்க்க 'ரிச்'சாக இருக்க, தடித்த ரெக்சினில் இழுத்துத் தைத்த சீட் கவர் மாட்டுகிறோம். ஏர்பேக் அதற்குள் மாட்டிக்கொள்ளும், அல்லது தப்பான பக்கம் போகும். சில வண்டிகளில் மோதலை உணரும் சென்சார் கதவுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பார்க்கிறது. பெரிய ஸ்பீக்கருக்காகக் கதவின் உள்தகட்டில் ஓட்டை போட்டால் அதற்கும் குழப்பம்தான்.

சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். வேறொரு விளக்கோடு சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைந்தால் வயரை அதோடு முறுக்கியிருக்கிறார்கள். வெடித்துப்போன ஏர்பேக்குக்குப் பதிலாக நாலு ரூபாய் ரெசிஸ்டரைச் சொருகி, விளக்கை ஏமாற்றிய வண்டியையும் பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங் மேல் மூடி மட்டும் புதுசு, உள்ளே காலி.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன், டெல்லிக்கு எழுத வேண்டியதுதானே என்று கேட்கலாம். டெல்லி தன்னால் முடிந்ததைப் பாதி செய்திருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டி கைக்கு வந்ததும் தெரிவிக்க வேண்டும், வண்டியை வெளியே ஓட்டியதைக் குறிக்கும் டிரிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் படிவங்களில் 'பில்லர் வெட்டப்பட்டதா' என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. அது வரும்வரை, வண்டி கைமாறும் அந்த ஒரு நாளில், விஷயம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். புதுக் காரைவிடப் பழைய கார்தான் இப்போது நாட்டில் அதிகம் கைமாறுகிறது. முதல் கார் வாங்குகிற குடும்பம் உங்கள் யார்டுக்குத்தான் வருகிறது, ஷோரூமுக்கு இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. விற்கும் ரசீதிலேயே ஒரு வரி எழுதுங்கள்: இரண்டு பக்கத் தூண்களும், சில் பேனலும், கூரைச் சட்டமும் வெட்டப்படாதவை, அல்லது வெட்டி ஒட்டியவை, எதுவோ அது. எத்தனை ஏர்பேக், எந்தெந்த இடத்தில் என்று இன்னொரு வரி. பக்க ஏர்பேக் உள்ள வண்டியில் அதற்கென ஓரத்தில் திறப்பு விடாத சீட் கவரை மாட்டாதீர்கள், மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். பம்பர் மாற்றிய வண்டியும் தூண் வெட்டிய வண்டியும் உங்கள் பேச்சில் ஒரே 'ஆக்சிடென்ட்' ஆகிவிடுவதால்தான் எல்லோரும் இரண்டையும் மறைக்கிறார்கள். பம்பர் அடியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, தாராளமாக வாங்கலாம். தூண் வெட்டியதை விற்கவே கூடாது என்றுகூட நான் சொல்லவில்லை. தெரிந்து, அதற்குரிய விலைக்கு, ஊருக்குள் மட்டும் ஓட்ட ஒருவர் எடுத்தால் அது அவர் இஷ்டம். தெரியாமல் எடுத்து, பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு பைபாஸ் ஏறுவதுதான் வேண்டாம்.

வாங்கும்போது நீங்களும் ஏமாறுகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்லி வைக்கிறேன். போன வருஷத்து இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி, நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஐந்து வருஷம் கிளெய்மே இல்லாமல் ஒரே ஓனர் ஓட்டிய வண்டிக்கு 50 வந்திருக்க வேண்டும். பூஜ்யம் என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அப்புறம் பீடிங்கை இழுங்கள்.

அந்த 2018 வண்டி போன வாரம் பல்லடம் ரோட்டில் வேறொரு யார்டில் நின்றது. புதுசாக சிவப்பும் கறுப்புமாகச் சீட் கவர் போட்டிருந்தார்கள். இறங்கிப் போய், கடையில் இருந்த பையனிடம் வலது பக்கத் தூணைக் காட்டிவிட்டு வந்தேன். ஓனரிடம் சொல்கிறேன் என்றான். இதைப் படிக்கிற உங்களில் ஒருவர்தான் அந்த ஓனர். என் நம்பர் உங்களிடம் இருக்கும். ஸ்டாக் எடுப்பதற்கு முன்னால் கூப்பிட்டால் வந்து பார்த்துச் சொல்கிறேன், ஒரு வண்டிக்கு பத்து நிமிஷம் ஆகும். டீ மட்டும் சர்க்கரை கம்மியாக.

இப்படிக்கு,
உங்கள் சர்வேயர், கோவை